‘செல்ஃப்’ எடுக்கும் வண்டிகளுக்குப் பின்னால் ஒரு மனிதர்: காருக்குள் மின்சாரத்தைக் குடியேற்றிய சார்லஸ் கெட்டரிங் யார்?

காலையில் அவசரமாகக் கிளம்பும்போது வண்டி மக்கர் பண்ணினால் நம்மூரில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: செல்ஃப் எடுக்கல. மெக்கானிக் கடையில் தொடங்கி வீட்டுப் பேச்சு வரை புழங்கும் இந்த ‘செல்ஃப்’, ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்ற சொல்லின் சுருக்கம். சாவியைத் திருப்பினாலோ பட்டனை அழுத்தினாலோ இன்ஜினைச் சுற்றிவிடும் அந்தச் சின்ன மோட்டார்தான் அது.

சின்ன மோட்டார் என்பதுதான் இதில் மேட்டரே. சுமார் 115 ஆண்டுகளுக்கு முன்பு, கார் இன்ஜினைச் சுற்றிவிட வேண்டுமென்றால் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து காரில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்றுதான் மின்பொறியாளர்கள் பலர் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங். விட்டுப்போன அந்த விஷயம், நேரம்.

இன்று எலெக்ட்ரிக் கார்களின் இன்வெர்ட்டர், சார்ஜர் என்று கைக்கு அடக்கமான பெட்டிக்குள் பெரிய மின்சாரத்தை அடைக்கப் பார்க்கும் பொறியாளர்களும் அதே கணக்கைத்தான் போடுகிறார்கள். அந்தக் கணக்கை அவர் எங்கே கற்றார், எங்கே அது அவருக்குக் கைகொடுத்தது, எங்கே கைவிட்டது? விரிவாகப் பார்க்கலாம்.

கை முறியும் காலம்

அம்பாசிடர் கார் ஓடிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு ‘ஹேண்டில் போடுவது’ தெரிந்திருக்கும். முன்பக்கத்து ஓட்டையில் இரும்புக் கம்பியைச் செருகி, ஆள் பலம் கொண்ட மட்டும் சுற்ற வேண்டும். 1900-களின் தொடக்கத்தில் பெட்ரோல் கார் என்றாலே பெரும்பாலும் இதுதான் வழி.

பலம் வேண்டும் என்பது மட்டும் பிரச்னையில்லை. இன்ஜினுக்குள் தீப்பொறி கொஞ்சம் முன்கூட்டியே வந்துவிட்டால், சுற்றிக்கொண்டிருக்கும் கம்பி சட்டென்று எதிர்த்திசையில் திரும்பி அடிக்கும். மணிக்கட்டு முறியும், முன்னங்கை முறியும், சில நேரம் தாடையும். கையை முறித்துக்கொண்டு மருத்துவர்களிடம் போவது அன்றைக்குக் கார் வைத்திருப்பவர்களிடையே சாதாரணமாக நடந்துகொண்டிருந்தது.

காடிலாக் கார் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லேலண்டின் நண்பர் பைரன் கார்ட்டர். அவரும் கார் தயாரித்தவர்தான். வழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் காருக்கு உதவப் போய், கம்பி திருப்பி அடித்துத் தாடை உடைந்து, பிறகு நோய் முற்றி இறந்தார் என்றும், அந்தத் துக்கத்தில்தான் லேலண்ட் ஹேண்டிலை ஒழிக்கக் கிளம்பினார் என்றும் சொல்வார்கள். நாளும் இடமும் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதப்பட்டிருக்கின்றன. கார்ட்டர் இறந்தது 1908-ல். ஸ்டார்ட்டர் வேலை சூடுபிடித்தது அதற்கு ஓரிரு ஆண்டு கழித்து. எனவே கதையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஹேண்டில் ஆளைக் கொல்லக்கூடியது என்பதை அன்று யாரும் மறுக்கவில்லை.

மாற்று வழிகளைத் தேடாமலும் இல்லை. அழுத்திய காற்று, முறுக்கிய ஸ்பிரிங், அசிட்டிலீன் வாயு என்று என்னென்னவோ முயன்றார்கள். மின்மோட்டாரையும் முயன்றார்கள். கனமும் பருமனும்தான் தடையாக நின்றன.

யார் இந்த கெட்டரிங்?

1876 ஆகஸ்ட் 29-ல் ஒஹாயோவின் லவுடன்வில் ஊருக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் சார்லஸ் ஃப்ராங்க்ளின் கெட்டரிங். சிறுவயதிலிருந்தே கண் பார்வை சரியில்லை. படித்தால் கண் எரியும், தலை வலிக்கும். பள்ளிப் படிப்பை முடித்ததும் கிராமத்துப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தார். பிறகு ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேர்ந்தார். கண் மறுபடி தொந்தரவு செய்ய, படிப்பைப் பாதியில் விட வேண்டியதாயிற்று.

வீட்டில் சும்மா உட்காரவில்லை. தொலைபேசிக் கம்பி இழுக்கும் வேலைக்குப் போனார். குழி தோண்டுவது, கம்பம் நடுவது, கம்பி கட்டுவது. கண்ணுக்கு ஓய்வு, கைக்கு வேலை. சீக்கிரமே அந்தக் குழுவுக்கு மேஸ்திரி மாதிரி ஆகிவிட்டார். பின்னாளில் மனைவியான ஆலிவ் வில்லியம்ஸை அவர் சந்தித்ததும் இந்தக் காலத்தில்தான். மழையிலும் பனியிலும் வெட்டவெளியில் கிடக்கும் மின்கருவி எங்கே பழுதாகும், இணைப்பு எங்கே துருப்பிடிக்கும் என்பதெல்லாம் வகுப்பறையில் கிடைக்கும் படிப்பு இல்லை. காருக்கு மின்கருவி செய்யப் போகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி அமைந்திருக்க முடியாது.

மீண்டும் பல்கலைக்கழகம் போய் 1904-ல் மின்பொறியியல் பட்டம் வாங்கினார். அப்போது வயது 27. உடனே டேட்டன் நகரில் இருந்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கடைகளில் கல்லாப்பெட்டியாகப் பயன்படும் இயந்திரங்களைச் செய்த நிறுவனம் அது.

கல்லாப்பெட்டி கற்றுக்கொடுத்த கணக்கு

அன்றைய கல்லா இயந்திரத்தை இயக்க ஒவ்வொரு முறையும் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அதை மின்சாரத்தில் இயக்கும் வேலை கெட்டரிங்கிடம் வந்தது. கணக்குப் போட்டால், தேவையான விசைக்கு மோட்டார் பெரிதாக இருந்தாக வேண்டும். கடை மேசையில் வைக்கும் பெட்டிக்குள் அது எப்படி அடங்கும்?

இங்கேதான் நேரம் வருகிறது. ஒரு மோட்டார் எவ்வளவு வேலை செய்யும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் சூடு. உள்ளே இருக்கும் செம்புக் கம்பியில் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். சூடு அளவு மீறினால் கம்பியின் மேல் பூச்சு கருகும், மோட்டார் போய்விடும். நாள் முழுக்க ஓட வேண்டிய மோட்டாரைப் பெரிதாகச் செய்வது அந்தச் சூட்டைத் தாங்கவும் வெளியேற்றவும்தான்.

ஆனால் கல்லா இயந்திரம் நாள் முழுக்கவா சுற்றுகிறது? ஒரு விற்பனைக்கு ஒரு நொடியோ இரண்டு நொடியோ. பிறகு அடுத்த வாடிக்கையாளர் வரும்வரை சும்மா இருக்கும். சின்ன மோட்டாருக்குள் அதன் தகுதிக்கு மேல் மின்சாரத்தை அந்த ஒரு நொடிக்கு மட்டும் பாய்ச்சினால், சூடு ஏறி ஆபத்தாவதற்குள் வேலை முடிந்துவிடும். பிறகு ஆறுவதற்கு நேரம் இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். 1906-ல் மின்சாரக் கல்லாப்பெட்டி வந்துவிட்டது.

நம் வீட்டு மிக்ஸியும் இதே கதைதான். சில நிமிடம் அரைத்தால் நிறுத்தி ஆறவிடச் சொல்கிறார்களே, காரணம் இந்தக் கணக்குத்தான். தொடர்ந்து ஒரு மணி நேரம் அரைக்கிற மிக்ஸி வேண்டுமென்றால் அதைச் சமையல் மேடையில் வைக்க முடியாது, கிரைண்டர் கடையில்தான் வைக்க வேண்டும்.

கொட்டகையில் பிறந்த நிறுவனம்

நேஷனல் கேஷ் ரெஜிஸ்டரில் கெட்டரிங்கின் மேலதிகாரிகளில் ஒருவர் எட்வர்ட் டீட்ஸ். அவர் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் சொந்தமாகக் கார் ஒன்றைப் பூட்டிக்கொண்டிருந்தார். அதற்கு நல்ல இக்னிஷன் வேண்டும் என்று கெட்டரிங்கிடம் கேட்டார். பகலில் கம்பெனி வேலை, ராத்திரியும் ஞாயிறும் கொட்டகை வேலை என்று ஒரு சிறு கூட்டம் சேர்ந்துவிட்டது.

பெட்ரோல் இன்ஜினில் எரிபொருளைப் பற்றவைக்கப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். பேட்டரியில் இருப்பதோ சில வோல்ட். இந்த இடைவெளியை அன்றைய கார்கள் அதிரும் காயில் ஒன்றைக் கொண்டு கடந்தன. அது ஒவ்வொரு முறையும் பொறிகளைச் சரமாரியாகக் கொட்டும். ஒரு பொறி போதும் என்கிற இடத்தில் பத்துப் பொறி. உலர் மின்கலம் சீக்கிரமே தீர்ந்துபோகும்.

கெட்டரிங் செய்தது, தேவையான நேரத்தில் ஒரே ஒரு பலமான பொறி. ரிலே ஒன்றை வைத்து அதைச் சாதித்தார். மின்கலத்தின் ஆயுள் பல மடங்கு கூடியது. பிறகு இது படிப்படியாக எளிமையாகி, நம்மூர் மெக்கானிக்குகள் தலைமுறை தலைமுறையாகத் தேய்த்துச் சுத்தம் செய்த ‘பாயிண்ட், கண்டன்சர், காயில்’ அமைப்பாக நிலைத்தது.

வேலை செய்யும் விதம் இப்படி. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் தடித்த சுற்றில் மின்னோட்டம் ஏறி, காந்தப்புலமாக ஆற்றல் சேரும். பாயிண்ட் சட்டென்று திறந்ததும் மின்னோட்டம் அறுபடும், காந்தப்புலம் சரியும். ஆயிரக்கணக்கில் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பிச் சுற்றில் அது 20,000 வோல்ட் அளவுக்கு எகிறும். பாயிண்ட் திறக்கும் இடத்திலேயே பொறி பறந்து ஆற்றல் வீணாகாமல் பார்த்துக்கொள்வது கண்டன்சர்.

உங்கள் போன் சார்ஜருக்குள் நடப்பதும் இதன் உறவுதான். காயிலில் ஆற்றலைச் சேர்த்து, சட்டென்று அறுத்து, வேறு வோல்ட்டேஜில் வாங்கிக்கொள்வது. அங்கே பாயிண்ட்டுக்குப் பதில் டிரான்சிஸ்டர், நொடிக்குப் பல்லாயிரம் முறை அறுக்கிறது. பவர் எலெக்ட்ரானிக்ஸ் என்று இன்று சொல்லும் துறையின் பல சர்க்யூட்களுக்கு இந்த இக்னிஷனை மூத்த உறவினர் என்று தாராளமாகச் சொல்லலாம்.

லேலண்டின் காடிலாக் நிறுவனம் இந்த இக்னிஷனுக்கு ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுத்தது. 1909-ல் கெட்டரிங் வேலையை விட்டார். டீட்ஸும் அவரும் சேர்ந்து தொடங்கியதுதான் டேட்டன் இன்ஜினியரிங் லேபரட்டரீஸ் கம்பெனி. அதன் சுருக்கம் ‘டெல்கோ’.

ஸ்டார்ட்டர்: பாதி கார் அளவு மோட்டார் கையடக்கமான கதை

இப்போது லேலண்ட் ஹேண்டில் பிரச்னையைக் கொண்டுவந்தார். கெட்டரிங்குக்குக் கல்லாப்பெட்டி ஞாபகம் வந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. இன்ஜினைச் சுற்றிவிடுவதும் சில நொடி வேலைதான். அது பிடித்துக்கொண்டால் மோட்டாருக்கு ஓய்வு.

ஆனால் கல்லாப்பெட்டி கடைக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். கார் அப்படியா? பனிக்காலத்தில் டெட்ராய்ட் நகரில் எல்லாம் உறைந்துபோகும் குளிர். அந்தக் குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டியாகி, சுற்றுவதற்கு அதிக விசை கேட்கும். அதே குளிரில் பேட்டரியின் பலமோ குறையும். மிக அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் மிகக் குறைவாகக் கிடைக்கும். ஓடத் தொடங்கிவிட்டாலோ பக்கத்திலேயே இன்ஜினின் சூடு. மேலே சேறு, தண்ணீர், எண்ணெய், தூசி. அன்றைய மண் சாலைகளில் ஓயாத அதிர்வு. ஒரு இணைப்பு லூசாகிவிட்டால் எல்லாம் போச்சு.

இன்னொரு தொல்லை, பேட்டரியை யார் சார்ஜ் செய்வது? இன்ஜினே டைனமோவைச் சுற்றிச் செய்ய வேண்டும். இன்ஜின் மெதுவாகவும் ஓடும், தலைதெறிக்கவும் ஓடும். டைனமோவின் வேகம் மாறினால் வோல்ட்டேஜும் மாறும். மெதுவாகப் போகும்போது சார்ஜ் ஏறாது, வேகமாகப் போனால் பேட்டரி கெட்டுவிடும், விளக்கு ஃபியூஸ் ஆகிவிடும்.

1911 பிப்ரவரியில் காடிலாக் கார் ஒன்றில் வேலை செய்து காட்டிய அமைப்பு இந்த எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தது. முதலாவது, இடம் மிச்சம்: மோட்டாரும் டைனமோவும் தனித்தனியாக இல்லை, ஒரே இயந்திரம். பெடலை அழுத்தினால் பல் சக்கரம் இன்ஜினின் ஃப்ளைவீலோடு சேர்ந்து அது மோட்டாராகச் சுற்றும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அதே இயந்திரம் டைனமோவாக மாறி பேட்டரியை நிரப்பும். இன்ஜின் வேகமெடுக்கும்போது மோட்டாரை இழுத்துச் சிதைத்துவிடாதபடி, ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் கிளட்ச்.

இரண்டாவது, வோல்ட்டேஜ். பேட்டரி நான்கு பகுதிகளாக இருந்தது. சார்ஜ் ஆகும்போதும் விளக்கெரியும்போதும் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இணைந்து 6 வோல்ட். ஸ்டார்ட் செய்யும்போது சுவிட்ச் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து 24 வோல்ட் ஆக்கும். ஏன் இந்தச் சிரமம்? ஒரே அளவு சக்தியை நான்கு மடங்கு வோல்ட்டேஜில் அனுப்பினால் மின்னோட்டம் கால் பங்காகிறது. அதே கம்பியில் சூடாக வீணாவது 16-ல் ஒரு பங்காகிறது. சன்னக் கம்பி போதும், சின்ன மோட்டார் போதும்.

எலெக்ட்ரிக் கார் விளம்பரங்களில் 400 வோல்ட்டிலிருந்து 800 வோல்ட்டுக்கு மாறிவிட்டோம் என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பின்னால் இருப்பதும் இதே பெருக்கல் கணக்கு.

1912 மாடல் காடிலாக் கார்கள் இந்த அமைப்போடு விற்பனைக்கு வந்தன. ஸ்டார்ட்டர், விளக்கு, இக்னிஷன் மூன்றும் ஒரே மின்சார அமைப்பில். பிரிட்டனின் டேவர் கோப்பை இரண்டாவது முறையாகக் காடிலாக்குக்குக் கிடைத்தது. கெட்டரிங்கின் ஸ்டார்ட்டர் காப்புரிமை 1915-ல் வழங்கப்பட்டது. 24 வோல்ட்டுக்கு மாற்றும் அந்தச் சுவிட்ச் சிக்கலானது என்பதால் சில ஆண்டுகளிலேயே எல்லாம் ஒரே 6 வோல்ட் ஆகிவிட்டது. 1950-களில் 12 வோல்ட் வந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அன்றைக்கு எலெக்ட்ரிக் கார்கள் ஏற்கெனவே சாலையில் ஓடிக்கொண்டிருந்தன. ஹேண்டில் வேண்டாம், புகை இல்லை என்பதால் நகரத்துப் பெண்கள் அதை விரும்பினார்கள். பெட்ரோல் கார் மன்னர் ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே ஓட்டியது எலெக்ட்ரிக் கார்தான். பெட்ரோல் காருக்கு மின் ஸ்டார்ட்டர் வந்ததும் அந்த ஒரு வசதியும் போட்டியில் சமமாகிவிட்டது. எலெக்ட்ரிக் கார் ஒதுங்கிப்போனதற்கு பெட்ரோல் விலை, தூரம், ஃபோர்டின் மலிவு விலை எனப் பல காரணங்கள் இருந்தாலும், இதுவும் ஒரு முக்கியக் காரணம். ஃபோர்டின் மாடல் டி காரிலேயே 1919-ல் மின் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது.

லேபில் ஓடியது, ரோட்டில் ஓடவில்லை

டெல்கோ நிறுவனம் 1916-ல் கைமாறி, பிறகு ஜெனரல் மோட்டார்ஸின் பகுதியானது. 1920 முதல் 1947 வரை ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவர் கெட்டரிங்தான். இடையில் முதல் உலகப்போர் நேரத்தில் ஆளில்லாமல் பறந்துபோய் விழும் குண்டு விமானம் ஒன்றையும் செய்து பார்த்தார்; போர் முடிந்துவிட்டதால் அது களத்துக்குப் போகவில்லை.

ஆராய்ச்சித் தலைவராக அவர் எடுத்த முதல் பெரிய வேலை பெரும் தோல்வியில் முடிந்தது. ரேடியேட்டர், தண்ணீர், பம்ப் எதுவும் வேண்டாம். சிலிண்டரைச் சுற்றிச் செம்புத் தகடுகளைப் பற்றவைத்து, காற்றாலேயே குளிர்விக்கலாம் என்பது திட்டம். செம்பு இரும்பைவிட வேகமாகச் சூட்டைக் கடத்தும். எடை குறையும், இடம் மிச்சம், பனியில் தண்ணீர் உறையும் தொல்லையும் இல்லை. காகிதத்தில் எல்லாம் சரி.

டேட்டன் ஆராய்ச்சிக்கூடத்தில் நன்றாகவே ஓடியது. 1921 இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் பிரிவு சோதித்தபோது தேறவில்லை. கெட்டரிங் விடவில்லை. நிறுவனத் தலைமையும் அவர் பக்கம் நின்றது. 1923-ல் செவ்ரோலெட் பெயரில் 759 கார்கள் தயாராயின. சூடான நாள்களில் இன்ஜின் கொதித்தது, சக்தி இழந்தது. 239 கார்கள் தொழிற்சாலையிலேயே உடைக்கப்பட்டன. வாடிக்கையாளர் கைக்குப் போனது சுமார் 100. அந்த ஆண்டு ஜூனில் அத்தனையையும் திரும்பப் பெற்றார்கள். ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இன்றும் ஒன்று இருக்கிறது.

ஸ்டார்ட்டரில் ஜெயித்தவருக்கு இங்கே என்ன ஆயிற்று? ஸ்டார்ட்டரின் சூடு சில நொடிதான். அதற்கு ஆற நேரமுண்டு. இன்ஜினின் சூடோ நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். அதை வெளியேற்றும் வேகம் வெளிக் காற்றின் சூட்டையும் வண்டியின் வேகத்தையும் பொறுத்தது. மேட்டில் மெதுவாக ஏறும் கார், வெயிலில் நெரிசலில் நிற்கும் கார் எல்லாம் சோதனை மேடையில் வராத நிலைமைகள். தயாரிப்புப் பிரிவினர் சரியாகச் செய்யவில்லை என்று கெட்டரிங் மனம் நொந்து பதவி விலகத் தயாரானார். நிறுவனத் தலைவர் ஆல்ஃப்ரட் ஸ்லோன் அவரைச் சமாதானப்படுத்தி இருக்கவைத்தார். ஆனால் தயாரிப்புப் பிரிவின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமாகத் தெரியவில்லை. வண்டிக்குள் போகும் கருவியை வண்டி படும் பாட்டில் சோதிக்காமல் விட்டால் யார் செய்தாலும் இதுதான் நடக்கும்.

இன்றைக்கு வண்டிக்குள் வைக்கும் சில்லுகளுக்குப் பொதுவாகக் கேட்கும் தகுதி, மைனஸ் 40 முதல் 125 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்ய வேண்டும் என்பது. செல்ஃப் எடுக்கும் நொடியில் 12 வோல்ட் பேட்டரி 6 வோல்ட் வரை இறங்கினாலும் கம்ப்யூட்டர் அணையக் கூடாது. சார்ஜ் ஆகும்போது பேட்டரி வயர் கழன்றுவிட்டால், அதே 12 வோல்ட் வண்டியில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு 80 வோல்ட்டுக்கு மேல் பாயலாம். அதையும் தாங்க வேண்டும். வீட்டில் ஓடும் எலெக்ட்ரானிக்ஸை அப்படியே எடுத்து வண்டியில் வைக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

ஈயம்: தீராத கணக்கு

கெட்டரிங்கின் வாழ்க்கையில் பேசாமல் கடந்துபோக முடியாத ஒன்று இருக்கிறது.

பெட்ரோல் இன்ஜின்களில் ‘நாக்கிங்’ எனப்படும் தட்டும் சத்தம் பெரிய தலைவலியாக இருந்தது. அவருடைய பேட்டரி இக்னிஷன்தான் காரணம் என்று போட்டியாளர்கள் பழி சொன்னார்கள். கெட்டரிங் தன் உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லியிடம் உண்மைக் காரணத்தைத் தேடச் சொன்னார். குற்றவாளி இக்னிஷன் இல்லை, எரிபொருள் எரியும் விதம் என்று தெரிந்தது. எதைக் கலந்தால் சத்தம் நிற்கும் என்று தேடித் தேடி, 1921 டிசம்பர் 9-ல் டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தில் வந்து நின்றார்கள்.

துளி கலந்தாலே போதும், சத்தம் போய்விடும். விற்பனைப் பெயர் ‘எத்தில்’. ஈயம் என்ற சொல் பெயரில் இல்லை. 1924-ல் இதற்கென்று தனி நிறுவனம் தொடங்கி, கெட்டரிங்கே தலைவரானார். அதே ஆண்டு அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் பிதற்றலும் வலிப்புமாக விழுந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். மிட்ஜ்லியே முந்தைய ஆண்டு ஈய நஞ்சால் பாதிக்கப்பட்டு ஓய்வெடுக்க வேண்டியிருந்தது. 1925-ல் விற்பனை நிறுத்தப்பட்டு, அரசு விசாரணை நடந்தது. ஆல்கஹால் கலப்பது போன்ற வேறு வழிகள் அன்றே தெரிந்திருந்தும், 1926-ல் விற்பனை மறுபடி தொடங்கியது.

ஸ்டார்ட்டரில் கெட்டரிங்கின் வெற்றிக்குக் காரணம், சூடு சேர்ந்தாலும் பிறகு ஆறிவிடும் என்பது. ஈயம் ஆறிப்போகிற பொருள் இல்லை. புகையோடு வெளியே வந்து மண்ணிலும் குழந்தைகளின் ரத்தத்திலும் சேர்ந்துகொண்டே போகும். ஒரு வண்டிக்குத் துளிதானே என்று பார்த்தவர்கள், எத்தனை வண்டி, எத்தனை ஆண்டு என்று பெருக்கிப் பார்க்கவில்லை. அல்லது பார்க்க விரும்பவில்லை. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றது 2000-ல். உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா நிறுத்தியது 2021-ல். கண்டுபிடித்து நூறு ஆண்டு.

கெட்டரிங் அதைக் காண இருக்கவில்லை. டீசல் ரயில் இன்ஜின், குளிர்பதன வாயு என்று அவர் ஆராய்ச்சிப் பிரிவு பலதைத் தொட்டது. 180-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில். 1945-ல் ஸ்லோனோடு சேர்ந்து நியூயார்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் அமைய முன்நின்றார். ஸ்லோன் கெட்டரிங் என்ற பெயர் இன்று உலகப் புகழ் பெற்றது. மறு ஆண்டே மனைவி ஆலிவ் புற்றுநோயால் இறந்தார். கெட்டரிங் இறந்தது 1958 நவம்பர் 25-ல், 82 வயதில்.

1912-ல் செய்தது மறுபடி வருகிறது

அவர் மோட்டாரையும் டைனமோவையும் ஒரே இயந்திரமாகச் செய்தார் அல்லவா, அந்த யோசனை சீக்கிரமே கைவிடப்பட்டது. ஸ்டார்ட்டருக்கு அதிக விசை வேண்டும், டைனமோ எப்போதும் சுற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றில் வைத்தால் இரண்டுக்கும் அரைகுறை. எனவே தனித்தனியாகப் பிரித்தார்கள். பல பத்தாண்டுகளாக நம் வண்டிகளில் செல்ஃப் மோட்டார் ஒன்று, சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டர் ஒன்று.

இப்போது பாருங்கள். சில ஆண்டுகளாக வரும் ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டர்களில் பட்டனை அழுத்தினால் ‘கிர்ர்ர்’ என்ற பழைய சத்தம் கேட்பதில்லை. சத்தமில்லாமல் இன்ஜின் ஓடத் தொடங்குகிறது. தனி செல்ஃப் மோட்டாரும் இல்லை, பல் சக்கரமும் இல்லை. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் அதே ஜெனரேட்டரே மோட்டாராகச் சுற்றி இன்ஜினைக் கிளப்புகிறது. கார்களில் ‘மைல்ட் ஹைப்ரிட்’ என்று விற்பவற்றிலும் இதே ஏற்பாடு.

கெட்டரிங் காலத்தில் பெடலும் சுவிட்சும் பல் சக்கரமும் சேர்ந்து செய்த வேலையை இன்று டிரான்சிஸ்டர் சுவிட்சுகள் அடங்கிய ஒரு சின்னப் பெட்டி செய்கிறது. ஸ்டார்ட் ஆகும் அந்த ஒரு நொடியில் அதற்குள் பாயும் மின்னோட்டம் சார்ஜ் செய்யும்போது பாய்வதைவிடப் பல மடங்கு அதிகம். சூடு ஏறுவதற்குள் இன்ஜின் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் தன்னைத் தானே அணைத்துக்கொள்ள வேண்டும். இதுபோன்ற பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தால், சர்க்யூட்டின் மேல் தண்ணீரும் அதிர்வும் தொடாதபடி ரெசினோ ரப்பர் போன்ற பசையோ ஊற்றி மூடியிருப்பார்கள். வெளியே, சூட்டைக் காற்றில் விட, அலுமினியத்தில் வரிவரியாகத் தகடுகள் வைத்திருப்பார்கள்.